இருபத்துநான்கு கறுப்பு உறைகள்

2024 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன், தொட்டி நிரம்பப் பதினெட்டு நிமிடம் ஆனது. பால் பாக்கெட் இரண்டில் ஒன்று ஓரத்தில் கசிந்திருந்தது, அதை முதலில் காய்ச்சினேன். 5.30க்கு ரத்த அழுத்த மாத்திரை. செய்தித்தாள் இன்னும் வரவில்லை. என் மனைவி அதற்குள் எலுமிச்சை சாதத்தை இரண்டு டப்பாக்களில் அடைத்து, மேலே உருளைக்கிழங்கு வறுவல் வைத்து மூடியிருந்தாள். 6.15க்கு வீட்டைப் பூட்டினோம். கேஸ் மூடியிருக்கிறதா என்று நான் ஒரு முறையும் அவள் ஒரு முறையும் போய்ப் பார்த்தோம். திருப்பாப்புலியூர் பேருந்து நிலையத்தில் 6.40 சிதம்பரம் வண்டி. ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை, இடது பக்கம்.

இவ்வளவும் அன்றைய நாட்குறிப்பில் இருக்கிறது. இருபத்தெட்டு ஆண்டுகளாக எழுதுகிறேன். பிற்பாடு எதற்காவது தேவைப்படும் என்று எழுதுவதில்லை. எழுதாவிட்டால் அந்த நாள் சரியாக மூடப்படாத டப்பா போலத் தோன்றும்.

அவள் மடியில் இருந்த துணிப்பைக்குள் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் அறுபது விளையாட்டு அட்டைகள். அந்த அறுபதைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஐந்து மாதம் ஆகியிருந்தது. அன்று சிதம்பரத்தில் போட்டி. முதல் இரண்டு இடங்களைப் பிடிப்பவர்கள் பெங்களூரில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகலாம். என் மனைவி அங்கே போக விரும்பினாள். முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் மூன்றாவதாக வந்திருந்தாள்.

அவள் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். இந்த விளையாட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது அந்த வகுப்பிலிருந்துதான். பாடம் நடக்கும்போது மேசைக்கு அடியில் கை மாறிய அட்டைகளை அவள் பிடுங்கி வைத்தாள். ஒரு மாதத்தில் மேசை டிராயர் நிறைந்துவிட்டது. அப்படி என்னதான் இருக்கிறது என்று ஓர் இடைவேளையில் எடுத்துப் படித்தவள், அடுத்த இடைவேளையிலும் படித்தாள். ஆண்டு இறுதியில் அட்டைகளை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தாள். விதிகளை வைத்துக்கொண்டாள். இது நடந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

தெரியாதவர்களுக்காக விதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆளுக்கு அறுபது அட்டைகள் கொண்ட ஒரு கட்டு. எந்த அட்டைகள் என்பதை அவரவரே தீர்மானித்துக்கொண்டு வரலாம். ஒரே அட்டை நான்குக்கு மேல் இருக்கக்கூடாது. அட்டைகளில் பெரும்பாலானவை மிருகங்கள், மந்திரங்கள். இவைதான் சண்டை போடும். மற்றவை பவர் அட்டைகள். இவை சண்டை போடாது; எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மேசையில் போதுமான பவர் அட்டைகள் இல்லாமல் எந்த மிருகத்தையும் இறக்க முடியாது. ஆட்டம் தொடங்கும்போது கையில் ஏழு அட்டைகள். பிறகு ஒவ்வொரு முறையும் கட்டின் மேலிருந்து ஒன்று எடுக்க வேண்டும். முதல் ஏழு சரியில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். அப்போது ஏழுக்குப் பதில் ஆறுதான் கிடைக்கும். மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றால் அந்தச் சுற்று உங்களுக்கு.

பவர் குறைவாக வைத்தால் கை நிறைய மிருகங்களோடு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அதிகமாக வைத்தால் பவர் மட்டும் குவியும், இறக்க ஆள் இருக்காது. எத்தனை வைப்பது என்பதுதான் கட்டு கட்டுபவனின் முதல் கேள்வி. கடைசிக் கேள்வியும் பெரும்பாலும் அதுதான்.

எங்கள் வீட்டில் கட்டுவது நான், விளையாடுவது அவள். ஆரம்பத்தில் நானும் விளையாடிப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் முறை வந்து நான் யோசித்துக்கொண்டிருக்கையில் நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது. கடைக்காரர் வந்து என் தோளில் கை வைத்தார்.

"மச்சான், நீங்க யோசிச்சு முடிக்கறதுக்குள்ள நான் ஒரு நடை துபாய் போயிட்டே வந்துடுவேன்."

அவர் பரங்கிப்பேட்டைக்காரர். பதினோரு வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்து சிதம்பரத்தில் மொபைல் உதிரிப் பொருள் கடை வைத்திருக்கிறார். வயது ஒத்தவர்கள் எல்லோரும் அவருக்கு மச்சான்தான். கடைக்கு மேலே நீளமான ஓர் அறை, பதினான்கு மடக்கு மேசைகள், நான்கு மின்விசிறிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் விளையாட்டு. கடலூரில் எங்கள் தெருவில் இதை வேறு மாதிரிச் சொல்வார்கள். எதிர்வீட்டு அம்மாள் ஒருமுறை என்னிடமே கேட்டார்: "டீச்சரம்மா வாரா வாரம் சிதம்பரத்துக்குச் சீட்டாட போறாங்களாமே, நெசமா? நீங்க ஒண்ணும் சொல்றதில்லையா?" நானும் கூடப் போகிறேன் என்று சொன்னேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

நான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். மூடியின் நிறம் பார்த்துக் குழாய்களைப் பிரிப்பது, எண் ஒட்டுவது, வரிசையில் வைப்பது என் வேலை. ஒரு வகைக்கு ஒரு தட்டு. இரண்டு வகையை ஒரே தட்டில் வைத்தால் எங்கள் தலைமை டெக்னீசியன் ஒன்றும் சொல்ல மாட்டார், தட்டை என் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். இருபத்திரண்டு வருடமாக அப்படிப் பிரித்துப் பழகிய கை.

பிப்ரவரியில் நான் முதலில் செய்தது கட்டைத் தொடுவது அல்ல, அந்த அறைக்கு யார் என்ன கொண்டுவருகிறார்கள் என்று எழுதியது. இது எனக்குச் சுலபம். முந்தைய ஆண்டு முழுவதும் நாட்குறிப்பில் இருந்தது. வழக்கமாக வருபவர்கள் இருபது பேருக்கு மேல். அதில் பாதிப் பேர் நாங்கள் 'பட்டாசு' என்று பெயர் வைத்த கட்டை விளையாடினார்கள். சின்னச் சின்ன மிருகங்களை முதல் நிமிடத்திலிருந்தே இறக்கி, எதிராளி மூச்சு விடுவதற்குள் முடிக்கிற வகை. இதற்குக் காரணம் இருந்தது. பெருநாளுக்கு வளைகுடாவிலிருந்து ஊருக்கு வந்தவர்கள் பெட்டியில் அந்த வகை அட்டைகளை நிறையக் கொண்டுவந்திருந்தார்கள். பரங்கிப்பேட்டைக்கு விமானத்தில் என்ன வருகிறதோ, அதுதான் அடுத்த ஆறு மாதத்துக்குச் சிதம்பரத்தில் விளையாடப்படும்.

ஆகவே பட்டாசை நனைக்கிற கட்டாக இருக்க வேண்டும். முதல் நான்கு முறையைத் தாக்குப்பிடித்துவிட்டால் பிறகு எங்களுடைய பெரிய மிருகங்கள் இறங்கும்.

அட்டைகளில் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கும். வீட்டில் நாங்கள் எங்கள் பெயர்களைத்தான் சொல்வோம். முதல் முறையிலேயே வந்து, அடி வாங்கி ஒதுங்குகிற சிறிய பச்சைப் பிராணிக்குக் கறிவேப்பிலை. எதிராளியின் மிருகங்களை எல்லாம் ஒரு படி பின்னால் தள்ளுகிற அட்டைக்குக் கண்டக்டர். ஆறு பவர் கேட்கும், கொம்பு வைத்த பெரிய மிருகத்துக்கு மினி பஸ். மினி பஸ் விஷயத்தில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். அவள் நான்கு கேட்டாள். நான் இரண்டு போதும் என்றேன்.

"ரெண்டு பத்தாதுங்க. ஒண்ணு வந்து சேர்றதுக்குள்ள ஊரே காலியாயிடும்."

"நாலு வச்சா முதல் கையிலயே வந்து உக்காந்துக்கும். ஆறு பவர் வர்ற வரைக்கும் அத வச்சுக்கிட்டு என்ன பண்ணுவ?"

"பார்த்துக்கிட்டு இருப்பேன். அழகா இருக்கு."

மூன்று வைத்தோம். நாற்பது ஆட்டங்களுக்குப் பிறகு அவளே ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

பவர் அட்டை இருபத்திரண்டில் தொடங்கினேன். தினமும் மாலை ஏழரையிலிருந்து எட்டேகால் வரை கட்டைக் கலைத்து, ஏழு எடுத்து, அதில் எத்தனை பவர் என்று கோடு போட்டு, மறுபடி கலைப்பேன். இருபத்திரண்டு குறைவு என்று இரண்டு வாரத்தில் தெரிந்தது. இருபத்தைந்து அதிகம். ஏப்ரல், மே முழுவதும் இருபத்துமூன்றுக்கும் இருபத்துநான்குக்கும் நடுவில் கழிந்தது. ஓர் அட்டைதான் வித்தியாசம். அந்த ஓர் அட்டைக்காக ஒரு நோட்டில் முப்பத்தொரு பக்கம் கோடு போட்டிருக்கிறேன். அவள் திருத்திக்கொண்டிருந்த தேர்வுத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்பாள்: "இன்னிக்கு என்ன முடிவு?" நான் சொல்வேன். "நேத்தும் அதான் சொன்னீங்க" என்பாள்.

இருபத்துநான்கு என்று முடிவு செய்தது ஜூன் 20. அதற்குப் பிறகு நான் மாற்றவில்லை.

அட்டைகள் தேயாமல் இருக்க ஒவ்வொன்றையும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட வேண்டும். முன்பக்கம் கண்ணாடி மாதிரி, பின்பக்கம் கறுப்பு. போட்டிக்கு முந்தைய நாள், சனிக்கிழமை மதியம் பரிசோதனைக் கூடத்திலிருந்து இரண்டு மணிக்கு வந்து, சாப்பிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாக்கெட்டுக்கு ஐம்பது உறைகள். அறுபது அட்டைகளுக்கு இரண்டு பாக்கெட் தேவை. ஒன்று பிப்ரவரியில் வாங்கியது, மற்றது ஜூனில். ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு. முதல் பாக்கெட்டில் மிருகங்களையும் மந்திரங்களையும் போட்டேன், முப்பத்தாறு. மீதமிருந்த பதினான்கு உறைகளில் பவர் அட்டைகளைத் தொடங்கியிருக்கலாம். ஒரு வகையைப் பாதியில் உடைக்க மனம் வரவில்லை. இரண்டாவது பாக்கெட்டைப் பிரித்து இருபத்துநான்கு பவர் அட்டைகளையும் அதில் போட்டேன். மீதியைத் தனித்தனியாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்தேன்.

அன்றைய குறிப்பில் ஒரு வரி இருக்கிறது: "இரண்டாவது பாக்கெட் உறைகள் வெளிச்சத்தில் சற்றே மங்கல். உயரமும் நூலளவு குறைவு." கவனித்திருக்கிறேன். எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை 8.05க்குச் சிதம்பரத்தில் இறங்கினோம். அறையில் இருபத்துநான்கு பேர். ஐந்து சுற்றுகள்; இடையில் தோற்றவர்களும் ஐந்தையும் ஆடுவார்கள். பாண்டிச்சேரியிலிருந்து ஒரு நடுவர் வந்திருந்தார், முப்பது வயதிருக்கும், கழுத்தில் அடையாள அட்டை மாட்டியிருந்தார். வேடிக்கை பார்ப்பவர்கள் பேசாமல் பின்னால் நிற்கலாம் என்றார். நான் என் மனைவியின் நாற்காலிக்குப் பின்னால், ஓர் அடி தள்ளி நின்றேன்.

முதல் சுற்று பட்டாசு. இருபது நிமிடத்தில் முடித்தாள். கண்டக்டர் இரண்டு முறை வந்தது.

இரண்டாவது சுற்றில் நெல்லிக்குப்பத்துக்காரர். டிராக்டர் உதிரிப் பாகம் விற்பவர். நான்கு வருடமாகத் தெரியும். அவர் கட்டு பட்டாசு இல்லை, எங்களுடையதைப் போலப் பொறுமையானது. உட்காரும்போதே ஆரம்பித்தார்.

"டீச்சர், இன்னிக்கு ஹோம்வொர்க்லாம் செஞ்சுட்டு வந்திருக்கேன். அடிச்சுடாதீங்க."

"போன வாட்டியும் செஞ்சுட்டு வந்தேன்னுதான் சொன்னீங்க. யார் நோட்டப் பார்த்து எழுதினதோ."

"அது உங்க வீட்டுக்காரர் நோட்டு. அதுல என்னைப் பத்தி ஜாஸ்தி எழுதி வச்சிருக்காராமே."

ஆளுக்கு ஓர் ஆட்டம் வென்றார்கள். மூன்றாவது ஆட்டத்தில் அவள் எடுத்த ஏழில் ஒரே ஒரு பவர்தான் இருந்தது. பின்னால் நின்ற எனக்குத் தெரிந்தது. ஒரு பவரோடு யாரும் தொடங்க மாட்டார்கள். மாற்றி ஆறு எடுப்பார்கள். அவள் கொஞ்ச நேரம் கட்டைப் பார்த்தாள். "வச்சுக்கறேன்" என்றாள். அடுத்து எடுத்தது பவர். அதற்கடுத்ததும் பவர். எட்டாவது முறையில் மினி பஸ் இறங்கியது. நெல்லிக்குப்பத்துக்காரர் கையிலிருந்த அட்டைகளை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஒத்த பவர வச்சுக்கிட்டு இறங்கறீங்களே டீச்சர். நெஞ்சுத் தைரியம்தான்."

என் சட்டைப்பையில் இருந்த சிறு நோட்டில் 11.10, துணிச்சல், என்று குறித்தேன்.

மூன்றாவது சுற்றையும் வென்றாள். எலுமிச்சை சாதத்தைப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் பாதி டப்பாவை மூடிவிட்டாள். பசிக்கவில்லை என்றாள்.

நான்காவது சுற்றில் எதிரே பல் மருத்துவம் படிக்கும் ஒரு பெண். அவளும் மூன்றையும் வென்று வந்திருந்தாள். ஆட்டம் தொடங்கும் முன் நடுவர் அந்த மேசைக்கு வந்து இருவருடைய கட்டையும் சோதனைக்கு எடுத்துக்கொண்டு போனார். ஒவ்வொரு போட்டியிலும் ஏதாவது ஒரு மேசைக்கு இப்படிச் செய்வார்கள். ஏழு நிமிடம் கழித்து மருத்துவ மாணவியின் கட்டைத் திருப்பிக் கொடுத்தார். என் மனைவியை மட்டும் மூலை மேசைக்கு அழைத்தார். நானும் போனேன்.

"நீங்க யார் சார்?"

நான் சொல்வதற்குள் கடைக்காரர் குறுக்கே வந்தார். "இருக்கட்டும் தம்பி. டெக் கட்டினது அவருதான்."

நடுவர் கட்டைக் குப்புற வைத்தார். இரண்டு கையாலும் அடுக்கி, மேசையில் தட்டி நேராக்கினார். மேல் ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தார். சில இடங்களில் நகம் லேசாக இறங்கியது. இறங்கிய இடத்திலிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாக உருவி ஒரு பக்கம் வைத்தார். அவசரமே இல்லை. முடிந்ததும் அந்தச் சின்ன அடுக்கைத் திருப்பி விரித்தார். இருபத்துநான்கும் பவர்.

"ஒண்ணுகூடத் தப்பல, பாருங்க. பின்பக்கம் பார்த்தாலே எது பவர்னு தெரியுது."

"ரெண்டு பாக்கெட்" என்றேன்.

"ரெண்டு பாக்கெட் இருக்கட்டும் சார். எல்லாத்தையும் நல்லாக் கலைச்சுட்டு அப்புறம் ஸ்லீவ் போட்டிருந்தா பிரச்சினையே இல்ல. எது குட்டை, எது நெட்டைன்னு பார்த்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. நீங்க வகை பிரிச்சுப் போட்டிருக்கீங்க." சொல்லிவிட்டு என் மனைவி பக்கம் திரும்பினார்.

"நான்தான் போட்டேன். அவளுக்கு இது தெரியாது."

நடுவர் என்னைப் பார்த்தார். "நம்பறேன் சார். வேணும்னு பண்றவன் இவ்ளோ சுத்தமாப் பண்ண மாட்டான்." பிறகு என் மனைவியிடம் சொன்னார்: "மேடம், தப்பு யாருதுன்னாலும் டெக் உங்களுது. இந்த ரவுண்டுல முதல் கேம் தோத்ததா எழுதிக்கறேன். கீழ கடைல புது ஸ்லீவ் வாங்கி எல்லாத்தையும் மாத்திட்டு வாங்க. பத்து நிமிஷம்."

அவள் விரித்திருந்த அட்டைகளை ஒன்றாகச் சேர்த்தாள். மற்ற மேசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது மேசையில் இருந்த இருவர் அவளிடம் கணக்குப் படித்தவர்கள். கடைக்காரர் அறுபது உறை உள்ள பாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்தார். மூவரும் நின்றபடியே மாற்றினோம். கலைத்துவிட்டுத்தான் போட்டோம்.

மருத்துவ மாணவி காத்திருந்தாள். "பரவால்ல ஆன்ட்டி, இன்னும் ரெண்டு கேம் இருக்கு" என்றாள். இரண்டாவதை என் மனைவி வென்றாள். மூன்றாவதில் இரண்டு பவரோடு தொடங்கி, ஆறாவது முறைவரை மூன்றாவது வரவே இல்லை. இருபத்துநான்கு வைத்தாலும் அப்படி நடக்கும். என் நோட்டில் எத்தனை முறை நடக்கும் என்றுகூட இருக்கிறது. தோற்றாள். ஐந்தாவது சுற்றை வென்றாள்.

4.20க்குக் கடைக்காரர் முடிவைப் படித்தார். ஐந்தையும் வென்ற மருத்துவ மாணவி முதலிடம். நான்கு வென்றவர்கள் இருவர்: என் மனைவியும் நெல்லிக்குப்பத்துக்காரரும். அவர் அவளிடம் மட்டும்தான் தோற்றிருந்தார். இருவரும் மோதியதில் வென்றவர் முன்னால் என்பது அந்த அறையின் விதி. என் மனைவி இரண்டாமிடம். கைதட்டினார்கள். நெல்லிக்குப்பத்துக்காரர் எழுந்து வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"போயிட்டு வாங்க டீச்சர். வரும்போது ஒரு டப்பா மைசூர்பாக் மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க. நான் தோத்ததுக்கு நஷ்டஈடு."

அவள் சிரித்தாள். அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் அந்தச் சிரிப்பை முகத்திலேயே வைத்திருந்தாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு ரெண்டு பேர் பேரையும் பெங்களூருக்கு அனுப்பிடறேன்" என்றார் கடைக்காரர். "டீச்சர், ஆதார்ல இருக்கற மாதிரி இனிஷியலோட எழுதிக் குடுங்க." எழுதிக் கொடுத்தாள்.

5.10 கடலூர் வண்டி. ஜன்னலோரம் அவள். நான் மூன்றாம் இடங்களையும் இந்த இரண்டாம் இடத்தையும் வரிசையாக மனதில் அடுக்கிக்கொண்டிருந்தேன். வெள்ளாற்றுப் பாலம் தாண்டினோம். பு.முட்லூரில் ஆட்கள் ஏறி இறங்கினார்கள். வண்டி கிளம்பியதும் சொன்னாள்.

"ரெண்டாவது ரவுண்டு, மூணாவது கேம். ஒத்த பவர் வச்சுக்கிட்டேன் இல்ல?"

"11.10" என்றேன்.

"ஏன் வச்சுக்கிட்டேன்னு கேக்க மாட்டீங்களா?"

"ஏன்?"

"முதல் ரவுண்டுலயே சில கார்டு மங்கலாத் தெரிஞ்சுது. எதுன்னு நான் பார்க்கல. பார்க்கக் கூடாதுன்னே வேற பக்கம் பார்த்தேன். ரெண்டாவது ரவுண்டுல பார்த்துட்டேன். மேல இருந்தது மங்கலா இருந்துச்சு. அது பவர்னு தெரிஞ்சுதான் வச்சுக்கிட்டேன்."

"கண்ணாடி போட்டிருந்தியா?"

"போட்டிருந்தேன்."

நான் சொன்னேன், மங்கலாகத் தெரிவதும் நிச்சயமாகத் தெரிவதும் வேறு என்று. ஒரு முறை பார்த்ததை வைத்து முடிவு செய்ய முடியாது, குறைந்தது பத்து முறையாவது வேண்டும் என்றும் சொன்னேன். பரிசோதனைக் கூடத்தில் சொல்வது போலச் சொன்னேன் என்பது எனக்கே கேட்டது.

"இதெல்லாம் எனக்கும் தெரியுங்க" என்றாள். "அந்த நிமிஷம் எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சுது. அவ்ளோதான்."

"நடுவர்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமே."

"அவர் என்னைக் கேக்கவே இல்ல. கேக்கறதுக்குள்ள நீங்க முந்திக்கிட்டு அவளுக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டீங்க."

நடந்ததை நினைத்துப் பார்த்தேன். அவள் சொன்ன வரிசையில்தான் நடந்திருந்தது. நடுவர் அவளை நோக்கித் திரும்பும்போது நான் பேசினேன். அதுவும் தவறான தகவல். அவளுக்குத் தெரியாது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

"பெங்களூர் போகணும்னுதானே..." என்று தொடங்கினேன்.

"போகணும்தான். இப்பவும் போகணும்னுதான் இருக்கு." கைப்பிடிக் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இத்தனை வருஷமா மத்தவங்களுக்குத்தான் பரீட்சை வச்சிருக்கேன். நான் ஒண்ணு எழுதணும்னு இருந்துச்சு."

ஆலப்பாக்கத்தில் ஒரு பெரியவர் கூடையோடு ஏறினார், அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தோம். சிப்காட் ரசாயன ஆலைகள் பக்கம் வந்ததும் வழக்கமான வாடை. எல்லோரையும் போல அவளும் ஜன்னலைச் சாத்தினாள். சாத்திய பிறகு திறக்கவில்லை.

6.30க்கு வீடு. அவள் திங்கட்கிழமைக்கான தேர்வுத்தாள்களில் மீதி பதினேழைத் திருத்தினாள். நான் நாட்குறிப்பு எழுதினேன். 11.10க்கு எதிரே 'துணிச்சல்' என்று எழுதியதைச் சிறு நோட்டிலிருந்து படியெடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சொல்லை விட்டுவிட்டு நேரத்தை மட்டும் எழுதினேன். உறை போட்டது பற்றி அரைப் பக்கம் எழுதினேன்: எந்தப் பாக்கெட், எந்த வகை, எத்தனை. இந்தத் தவற்றை ஒழுங்கில்லாத ஒருவர் செய்திருக்கவே முடியாது என்பதுதான் நடுவர் சொன்னதன் பொருள். எனக்கு அது பாராட்டாகவும் தெரியவில்லை, குறையாகவும் தெரியவில்லை. பெங்களூர் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு முறை அவளுக்காகப் பேசியது போதும்.

ஜூலை 15, திங்கட்கிழமை. நான் 4.50க்கு எழுந்தபோது அவள் எனக்கு முன்பே எழுந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். விளக்கு போட்டிருந்தது. கையில் செல்போன். மணி ஆறு ஆகக் காத்திருந்தாள் என்று பிறகுதான் புரிந்தது. மோட்டார் போடப் போனவனிடம் "சத்தம் வரும், இருங்க" என்றாள். ஆறுக்கு அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"டீச்சர், இப்பதான் தொழுதுட்டு வந்து உக்காந்தேன். இன்னா விஷயம்? இனிஷியல் தப்பா?"

"இனிஷியல் சரிதான் பாய். என் பேரை அனுப்பாதீங்க."

அவள் இரண்டாவது சுற்றைச் சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மறுபக்கம் கடைக்காரர் வீட்டில் யாரோ பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது.

"யாரும் பார்க்கலியே டீச்சர்."

"நான் பார்த்தேன் பாய்."

"மச்சான் என்ன சொல்றாரு?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"அவரு ஒண்ணும் சொல்லல" என்றாள்.

"சரி. அப்ப நெல்லிக்குப்பத்து ஆளுக்கு நான் சொல்லிடறேன்."

"வேணாம். நம்பர் குடுங்க, நானே சொல்றேன்."

பேனா கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.